புதுப்பிப்பு: ட்ரையல்ஸ் ஆஃப் மானா, பழையதா புதியதா?

முந்தைய இழையில் ட்ரையல்ஸ் ஆஃப் மானா என்ற வீடியோ கேமை 1995 பதிப்பில் தொடங்குவதா, 2020 மறு ஆக்கத்தில் தொடங்குவதா என்று கேட்டிருந்தேன். பெரும்பாலோர் மறு ஆக்கம் என்றீர்கள். நான் பழையதில் தொடங்கி, இப்போது இரண்டையும் முடித்துவிட்டேன்.

1995 செப்டம்பரில் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்கு ஜப்பானில் மட்டும் வந்த விளையாட்டு இது. 2000இல் ரசிகர்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு 2019 ஜூனில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான மானா விளையாட்டுத் தொகுப்பில்தான் வந்தது. கிட்டத்தட்ட 24 வருடம்! இவ்வளவு நல்ல விளையாட்டை இத்தனை காலம் காக்க வைத்தது அநியாயம்தான்.

பழையதன் உயிர் ஆள் தேர்வில் இருக்கிறது. ஆறு பேரில் மூவரை எடுக்கிறோம். முதலில் யாரை எடுக்கிறோமோ, அவரைப் பொறுத்துத்தான் கடைசி எதிரி. நான் எடுத்தது கெவினை. இருட்டியதும் சண்டையில் அவன் ஓநாய் மனிதனாக மாறி வெளுத்து வாங்குகிறான். அதனால் பொழுது சாயும்வரை பெரிய சண்டைகளைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன்.

மறு ஆக்கத்தில் கதை முடிந்த பின்னும் ஒரு புது அத்தியாயம் உண்டு, அது அருமை. ஆனால் பழையதில் இருவர் சேர்ந்து ஆடலாம், இதில் முடியாது. தம்பியோ தங்கையோ பக்கத்தில் இருந்தால் தயங்காமல் பழையதையே எடுங்கள். அடுத்த சுற்று, அந்த ஆறு பேரில் இன்னொருத்தியான ரீஸுடன்.