புதுப்பிப்பு: பனிக்கால ஓவியத்தில் பனி வெள்ளையாகவே நிற்க வழி கிடைத்தது

பிள்ளைகள் வாட்டர்கலரில் பனிக்காட்சி வரையும்போது வெள்ளை வண்ணம் ஈர நீலத்தோடு கலந்து பனியெல்லாம் சாம்பலாகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, வெள்ளை வண்ணத்தையே எடுத்துவிட்டுத் தாளின் வெண்மையைக் காப்பாற்றச் சொன்ன யோசனைதான். மரங்கள் இருக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் (எளிதில் உரிக்கக்கூடிய காகித டேப்) ஒட்டினோம். விழும் பனிக்கு வெள்ளை மெழுகு கிரேயானால் அழுத்திப் புள்ளி வைத்தார்கள். அப்புறம் மேலே நீலம் பூசினால், மெழுகில் நீர் ஒட்டாததால் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. டேப்பை முதலில் துணியில் ஒருமுறை ஒட்டி எடுங்கள். பசை குறைந்து, பிறகு உரிக்கும்போது தாள் கிழியாது. நன்றாகக் காய்ந்த பிறகே உரிக்க வேண்டும்.

ஈர வண்ணத்தின் மேல் உப்புத் தூவும்படி சொன்ன இன்னொரு யோசனைக்கு நேரம்தான் முக்கியம். தாளின் ஈரப் பளபளப்பு மங்கத் தொடங்கும்போது தூவினால் பனிப்பூ போன்ற வடிவங்கள் வரும். குளமாக நீர் நிற்கும்போது தூவினால் உப்பு கரைந்துபோகிறது. சாதாரண வரைதாளில் இது சரியாக வரவில்லை, தடித்த வாட்டர்கலர் தாளில் அழகாக வந்தது.

எதிர்பாராதது ஒன்று: மரத்தின் நிழலுக்குக் கறுப்புக்குப் பதில் வெளிர் நீலம் கொடுத்ததும் பனி இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்!