பாட்டி குரல் இருக்கும் வி.சி.டி.யைக் காப்பி செய்ய உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். 2004-இல் நடந்த அக்கா கல்யாண வீடியோ, மூன்று வி.சி.டி.யும் ஒரு டி.வி.டி.யுமாக வீட்டில் இருக்கிறது. என் பழைய லேப்டாப்பில் (விண்டோஸ் 7, 2 ஜிபி ராம்) ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

டி.வி.டி. லேப்டாப்பில் காப்பியாகிவிட்டது. வி.சி.டி.களில் எம்பெக்ஏவி (MPEGAV) ஃபோல்டரில் இருக்கும் பெரிய ஃபைலை அப்படியே காப்பி செய்தால் விஎல்சி வீடியோ பிளேயரில் ஓடுகிறது. மூன்றாவதுதான் பிரச்சினை. முக்கால்வாசி போனதும் டிரைவ் கரகரவென்று இழுத்து, 'சைக்ளிக் ரிடண்டன்சி' பிழை (டேட்டாவைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்பது) காட்டி நின்றுவிடுகிறது. டிஸ்க்கின் வெளி ஓரத்தில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு. டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், அந்த இடம்தான் என்று நினைக்கிறேன். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தும் பலனில்லை.

நலங்கில் பாட்டி பாடியது அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. அவர் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை.

பழுதான டிஸ்க்கில் படிக்க முடிந்ததை மீட்டெடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள் வி.சி.டி.க்குச் சரிப்படுமா? அப்புறம், பழைய டெஸ்க்டாப் டிரைவ் யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் தர முடியுமா? நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கீறல் போக டிஸ்க்குக்குப் பாலிஷ் போடலாம் என்றார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அதுவரை டிஸ்க்கைத் தொடமாட்டேன்.