குடல் பயொப்சியில் நியூத்திரோபில்கள் காணாமல் போவது ஏன்?

வெள்ளவத்தை_மாணவி:
வணக்கம். அல்சரேட்டிவ் கொலைற்றிஸ் (பெருங்குடல் அழன்று புண்ணாகும் நோய்) உள்ளவரின் பெருங்குடல் பயொப்சியை, அதாவது கிள்ளியெடுத்த இழையத் துண்டை, ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (சாயமேற்றிய கலங்களை வகைவகையாக எண்ணும் கருவி) ஓட்டினால் ரி கலங்கள் (ஒருவகை நிர்ப்பீடன வெண்கலங்கள்) நிறைய வருகின்றன. நியூத்திரோபில்கள் (அழற்சி வந்ததும் விரைந்து சேரும் வெண்கலங்கள்) 1% கூட இல்லை. அதே இடத்து நுணுக்குக்காட்டி வெட்டிலோ அவை சுரப்பிகளுக்குள் குவிந்து கிடக்கின்றன. பயொப்சி காலையில் எடுத்து, மறுநாள்தான் பிரிக்கப்படுகிறது. பிழை எங்கே? இவ்வளவு பாடுபடாமல் குருதியை மட்டும் பார்த்தால் போதாதா? தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.

கலம்_பிரிப்பவர்:
அந்த "மறுநாள்"தான் பிழை. இழையத்தை விட்டு வந்த நியூத்திரோபில் ஓர் இரவு தாங்காது, உறையவைத்தாலும் தப்பாது. நோயாளியின் மலத்தில் கல்ப்ரொடெக்டின் பார்த்திருந்தால் ஒப்பிடுங்கள். அது பெரும்பாலும் நியூத்திரோபிலின் புரதம். கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தும் உங்கள் கருவி "இல்லை" என்றால், கலங்கள் வழியில் செத்துவிட்டன.

துண்டுகளைக் குளிர்ந்த ஆர்பிஎம்ஐ ஊடகத்தில் (கலங்களை உயிரோடு வைக்கும் திரவம்) போட்டு, ஐஸ் பெட்டியில் உடனே கொண்டுபோங்கள். கொழும்பின் காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டி நின்றாலும் குழாய் சூடாகக் கூடாது, உறையவும் கூடாது. முதலில் 5 மில்லிமோலர் ஈடிரிஏயில் 37 பாகையில் 15 நிமிடம் குலுக்கி, மேலணியை (குடலின் உட்பக்கத்தை மூடும் கலப்படை) கழற்றுங்கள். அந்தத் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். மேலணிக்கு இடையே வாழும் ரி கலங்கள் அதில்தான் இருக்கின்றன. பிறகு ஈடிரிஏ போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். ஈடிரிஏ கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; கல்சியம் இல்லாமல், இழையத்தைக் கரைக்கும் நொதியமான கொலாஜினேஸ் வேலை செய்யாது. கொலாஜினேஸும் டிஎன்ஏஸும் சேர்த்து 30–40 நிமிடம் வைத்து, 70 மைக்ரோன் வலையில் வடியுங்கள். டிஎன்ஏஸை விட்டால் செத்த கலங்களின் டிஎன்ஏ பசைபோல் எல்லாவற்றையும் திரட்டிவிடும். உயிர்-இறப்புச் சாயம் கட்டாயம்.

இன்னொரு பொறி: சில நொதியங்கள், கலத்தை இனங்காட்டும் மேற்பரப்புக் குறிகளையே வெட்டிவிடும். அதே நோயாளியின் குருதிக் கலங்களில் ஒரு பகுதியை நொதியத்தில் வைத்தும், ஒரு பகுதியை வைக்காமலும் சாயமேற்றிப் பாருங்கள். குறி நோயால் குறைந்ததா, நொதியத்தால் குறைந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

நிர்ப்பீடனம்_கொழும்பு:
குருதி போதாது, சிலவேளை எதிராகவே காட்டும். நோய் தீவிரமாக இருக்கையில் அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் ரி கலங்கள் குருதியில் குறைந்து, அழன்ற சளிச்சவ்வில் கூடும். அவற்றின் குறியான ஃபொக்ஸ்பி3 மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். மனிதரில் தூண்டப்பட்ட சாதாரண ரி கலமும் அதைக் கொஞ்சநேரம் காட்டும். மேற்பரப்புக் குறிகளில் சிடி25 கூடுதல், சிடி127 குறைவு என்பதையும் சேருங்கள்.

மக்ரோபேஜும் (கிருமிகளை விழுங்கும் கலம்) அப்படித்தான். நலமான குடலில் அவை பெரும்பாலும் சிடி14 குறி குறைந்தவை. அழற்சியில் குருதியிலிருந்து புதிதாக வரும் மொனோசைட்டுகள் (மக்ரோபேஜாக மாறும் வெண்கலங்கள்) சிடி14 கூடுதலாகக் காட்டி, ரிஎன்எஃப், ஐஎல்-23 என்ற அழற்சித் தூதுப் புரதங்களைச் சுரக்கும். "மக்ரோபேஜ் இத்தனை வீதம்" என்று ஒரே எண்ணாக எழுதினால் எதிரெதிர் வேலை செய்யும் இரண்டு கூட்டத்தைக் கலந்துவிடுகிறீர்கள். பிறபொருளெதிரி சுரக்கும் பிளாஸ்மா கலங்களிலும் எண்ணிக்கையோடு வகையைப் பாருங்கள்: நலமான குடலில் ஐஜிஏ வகைப் பிறபொருளெதிரி மேலோங்கும், கொலைற்றிஸில் ஐஜிஜி ஏறும்.

கல வகையின் பெயரை மட்டும் நம்பி மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு செகுகினுமாப் என்ற மருந்து நல்ல சாட்சி. குரோன்ஸ் நோயில் (இதுவும் ஒரு குடல் அழற்சி நோய்) ஐஎல்-17 என்ற தூதுப் புரதம் கூடுகிறதே என்று அம்மருந்தால் அதைத் தடுத்தார்கள். 2012இல் வெளியான பரிசோதனையில் பலன் கிடைக்கவில்லை, பாதக விளைவுகள் கூடின. ஐஎல்-17 மேலணியின் இறுக்கத்தையும் காக்கிறது. ஐஎல்-23ஐத் தடுக்கும் மருந்துகளோ பலன் தருகின்றன.

குடல்_வைத்தியம்:
ஒவ்வொரு குழாயிலும் எந்தப் பகுதி, அழன்றதா இல்லையா, என்ன மருந்து, கடைசி டோஸ் என்றைக்கு என்று எழுதுங்கள். வெடோலிசுமாப் என்ற மருந்து, குடலுக்குள் கலங்கள் நுழைய உதவும் இன்டெக்ரின் என்ற புரதத்தைத் தடுப்பது. அதை எடுப்பவரையும் எடுக்காதவரையும் ஒரே கூட்டமாகக் கணக்கிட முடியாது.

குரோன்ஸ் நோயாளரையும் சேர்ப்பதானால், சிறுகுடல் முனையில் புண் இருந்தால் காசநோயை முதலில் விலக்குங்கள். இரண்டிலும் கிரனுலோமா (நிர்ப்பீடனக் கலங்கள் திரண்ட சிறு முடிச்சு) வரும். கிருமியை வளர்த்துப் பார்க்க ஒரு துண்டை ஃபோர்மலினில் போடாமல் உப்புநீரில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபோர்மலினில் விழுந்த துண்டில் கிருமி வளராது.