கூரை எடையை ஆக்ஸிலுக்கு இறக்கிய பிறகு

முழங்கால் உயரப் பாறை ஒன்று, நடுவில் படி வெட்டினது போல ஒரு விளிம்பு. என் கிராலர், அதாவது பாறை ஏறும் ரிமோட் கன்ட்ரோல் பொம்மை வண்டி, முன் சக்கரம் இரண்டையும் அந்த விளிம்பில் ஏற்றிவிடும். பின் சக்கரம் படியைத் தொட்டதும் அப்படியே மல்லாந்துவிடும். மூன்று வாரமாக இதேதான்.

வண்டி 1/10 அளவு கிட். சக்கர இடைவெளி 313 மி.மீ., வீல் 1.9 அங்குலம். நான்கு இரவு உட்கார்ந்து கட்டினேன். இரண்டு ஆக்ஸிலிலும் டிஃபரன்ஷியல் லாக் ஆகியே இருக்கும், அதாவது இடது வலது சக்கரங்கள் எப்போதும் சேர்ந்தே சுழலும். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றதும் சுழற்சியெல்லாம் அதற்கே போய்விடும். அப்புறம் அலங்காரம்: கூரையில் ரேக், அதன் மேல் ஸ்டெப்னி, எண்ணெய் கேன்கள், விளக்கு வரிசை. அசல் வண்டியைச் சின்னதாக்கி வைத்தது போல இருந்தது.

மல்லாந்ததற்கு மோட்டாரின் பலக்குறைவுதான் காரணம் என்று நினைத்து, 35 சுற்று மோட்டாரைக் கழற்றி 20 சுற்று போட்டேன் (மோட்டாருக்குள் கம்பி சுற்றியிருக்கும் எண்ணிக்கை அது). சுற்று குறைந்தால் வேகம் கூடும், மெதுவாக ஊர்வது கடினமாகும். பாறையில் வண்டி குதித்தது, மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுட்டது, முன்னைவிடச் சீக்கிரமாகக் கவிழ்ந்தது.

கூட ஓட்டும் அண்ணன் ஒருவர் வண்டியைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். "மோட்டார விடு தம்பி. எடை எங்க உட்கார்ந்திருக்குன்னு முதல்ல பாரு" என்றார்.

அன்று இரவே சமையல் தராசில் முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் வைத்து நிறுத்தேன். மொத்தம் 2500 கிராம், முன்னால் 1150 மட்டுமே. ஒரு பலகையில் பக்கவாட்டில் நிறுத்தி மெல்லச் சாய்த்தால் 38 டிகிரியில் உருண்டது. ஏறும்போது எடை இயல்பாகவே பின்னுக்குச் சரியும். சமதளத்திலேயே பின்பக்கம் கனமாக இருந்தால் அந்தப் படியில் என்ன ஆகும்?

ரேக்கையும் ஸ்டெப்னியையும் எடுத்தேன், 180 கிராம் போனது. பேட்டரியை முன் ஆக்ஸிலுக்கு மேலே கொண்டுவந்தேன். முன் ஆக்ஸிலில் பித்தளை நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்), டிஃபரன்ஷியலுக்குப் பித்தளை மூடி என்று 260 கிராம் சேர்த்தேன். இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதுதான் முக்கியம். சேஸிஸில் அதே எடையை வைத்திருந்தால் ஷாக் அமுங்கி வண்டி இன்னும் ஆடியிருக்கும். மறுபடி நிறுத்தபோது 2580-இல் முன்னால் 1500. பலகையில் 50 டிகிரி தாண்டியும் நின்றது. மோட்டாரும் 55 சுற்றுக்கு மாறியது.

டயருக்குள் இருந்த கெட்டி ஃபோமையும் மாற்றினேன். வெளிப்பக்கம் மென்மையாக, உள்ளே கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் இரட்டை ஃபோம். காற்று வெளியேற வீலில் சிறு துளை இருப்பதையும் பார்த்துக்கொண்டேன். டயர் இப்போது கல்லின் வடிவத்துக்கு மடங்கிப் பிடிக்கிறது.

முன்பக்கம் கனமானதும் புதிதாக ஒரு தொல்லை வந்தது. இடுக்கில் சிக்கிய சக்கரத்தைத் திருப்பினால் ரிசீவர் அணைந்து அணைந்து வந்தது. சக்கரத்தைத் திருப்பும் 25 கிலோ சர்வோ (அது முறுக்குவிசையின் அளவு, எடை அல்ல) திணறும்போது அதிக மின்சாரம் இழுக்கிறது, ஸ்பீட் கன்ட்ரோலருக்குள் இருக்கும் பிஇசி, அதாவது ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் சுற்று, அதற்குத் தாங்கவில்லை. சர்வோவுக்குத் தனி பிஇசி வைத்ததும் சரியானது. பித்தளை வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு அதே பாறை. நான்காவது முயற்சியில் பின் சக்கரம் விளிம்பில் உட்கார்ந்தது. கை நடுங்கியதில் ட்ரிக்கரை விட்டுவிட்டேன். ட்ரிக்கரை விட்டதும் தானாகப் பிடிக்கும் டிராக் பிரேக் நூறு சதவீதத்தில் இருந்ததால் வண்டி அந்தச் சரிவிலேயே அசையாமல் நின்றது. மெல்ல அழுத்தினேன், ஏறிவிட்டது. அண்ணன் கைதட்டினார், எனக்குப் பேச்சே வரவில்லை.

இடப்பக்கச் சரிவு இன்னும் பாக்கி. அங்கே பின் ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்த் தண்டு, அதாவது லிங்க், கல்லில் மாட்டுகிறது. வளைந்த லிங்க் வந்துவிட்டது, இன்று இரவு மாட்டுகிறேன்.