நள்ளிரவுக்கு முன்பே மின்சாரம் தீர்ந்துவிடுகிறது – அவசர உதவி தேவை

புதுநிலம்
வணக்கம். வெறும் நிலத்தில் கொட்டகை போட்டுக் குடியேறி இன்றோடு 19 நாள். மின் இணைப்பு கிடையாது. ஒரு சோலார் பேனல், ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர், அவ்வளவுதான். முதல் மூன்று நாள் விடியும்வரை மின்விசிறி ஓடியது. அடுத்த சில நாள் இரவு 3 மணிக்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. இப்போது 11 மணிக்கே அணைந்துவிடுகிறது. வெயிலுக்கு ஒரு குறையும் இல்லை. விற்றவரைக் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். விசிறி நின்ற மறு நிமிடம் என் நான்கு வயது மகள் எழுந்து அழுகிறாள். என்ன கோளாறு என்று யாராவது உடனே சொல்லுங்கள். கைப்பேசியில் 14 சதவீதம்தான் மிச்சம் இருக்கிறது.

மூன்றாம்கொட்டகை
பேனல் எத்தனை வாட்? பேட்டரி எத்தனை ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு), எந்த வகை? பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கண்ட்ரோலர் எது? இரவில் என்னென்ன ஓடுகின்றன? பேனலிலிருந்து பேட்டரிவரை கம்பி எவ்வளவு நீளம்? விடியற்காலையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் பேட்டரியை அளந்தால் எத்தனை வோல்ட் வருகிறது? இவை தெரியாமல் எது சொன்னாலும் குருட்டு யூகம்தான்.

செம்புக்கம்பி
கம்பிதான் காரணம். பத்தில் எட்டு இடங்களில் இதையே பார்த்திருக்கிறேன். 12 வோல்ட்டில் மெல்லிய கம்பியை இழுத்தால் பாதி மின்சாரம் வழியிலேயே சூடாகிப் போய்விடும். உச்சிவெயிலில் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். முதலில் தடித்த கம்பி வாங்குங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அகல்விளக்கு
நான் குடியேறிய முதல் ஆண்டு முழுவதும் மின்சாரம் இல்லாமலே இருந்தேன். இருட்டியதும் படுத்தோம், வெளுத்ததும் எழுந்தோம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கச் சுவரைத் திறந்துவிட்டோம். உங்கள் கொட்டகைக்கு எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருக்கின்றனவா? இன்வெர்ட்டரைச் சரிசெய்வதற்கு முன்னால் அதைப் பாருங்கள். வலை கட்டிவிட்டால் கொசுவும் வராது.

வெயில்கணக்கு
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. மின் இணைப்பில்லாமல் வாழ வருகிறவர் முதலில் வாட்-மணிக் கணக்கு (வாட்டை மணி நேரத்தால் பெருக்குவது) கற்றுக்கொள்ள வேண்டும். எதை எத்தனை மணி நேரம் ஓட்டுகிறோம் என்று ஒரு தாளில்கூட எழுதாமல் பேட்டரியைக் குறை சொல்வது சரியல்ல. பட்டியலைக் கொண்டுவாருங்கள், கூட்டிக் காட்டுகிறேன்.

புதுநிலம்
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். பேனல் 330 வாட். பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.ஹெச்., தண்ணீர் ஊற்றும் வகை; கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கண்ட்ரோலர் ஒரு நீலப் பெட்டி. இரவில் மின்விசிறி 65 வாட், ஏறக்குறைய 9 மணி நேரம். 9 வாட் விளக்கு மூன்று, 4 மணி நேரம். மடிக்கணினி 45 வாட், 3 மணி நேரம். இன்வெர்ட்டரை அணைப்பதே இல்லை. பேனல் கிணற்றடித் திடலில் இருக்கிறது, கம்பி 22 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்பு. நிழல் விழாது, அந்தப் பக்கம் மரமே இல்லை, 25 அடி தள்ளிக் கழிப்பறைக் குழிதான் இருக்கிறது. காலையில் அளந்தேன், 11.7 வோல்ட்.

மூன்றாம்கொட்டகை
11.7 என்றால் அநேகமாகக் காலி. நிரம்பிய பேட்டரி ஓய்வில் 12.7 காட்டும், 12.2-க்கு வந்தாலே பாதி போய்விட்டது என்று பொருள். இரண்டு வாரமாகப் பாதிக்கும் கீழே கிடக்கிறது. ஈயப் பேட்டரி அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், அதனால் தாமதிக்க வேண்டாம். இன்னொன்று, பேட்டரியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். மூடிய இடத்தில் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அமில ஆவியும் குழந்தை மூச்சுவிடும் உயரத்திலேயே இருக்கிறது.

வெயில்கணக்கு
இப்போது கணக்கு. விசிறி 585, விளக்குகள் 108, மடிக்கணினி 135. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 15 வாட் தின்னும் என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 360. மொத்தம் 1,188 வாட்-மணி. 330 வாட் பேனலுக்கு 5 மணி நேர முழுவெயில் என்றால் 1,650. கால் பங்கு இழப்பைக் கழித்தாலும் 1,237. வரவு செலவைவிட அதிகம். ஆகவே நீங்கள் சொல்லாத ஏதோ ஒன்று ஓடுகிறது. தண்ணீர் மோட்டாரா? உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் உதவ முடியும்.

புதுநிலம்
மோட்டார் இல்லை ஐயா. வாளியில்தான் இறைக்கிறோம். எதையும் மறைக்கவில்லை.

ஈரமண்
எல்லோரும் வோல்ட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். கிணற்றிலிருந்து 25 அடியில் கழிப்பறைக் குழி என்று எழுதியிருக்கிறாரே, யாருடைய கண்ணிலும் படவில்லையா? 25 அடி என்றால் எட்டு மீட்டர்கூட இல்லை. நிவாரண முகாம்களுக்கான ஸ்பியர் அளவுகோலே 30 மீட்டர் கேட்கிறது. குழியின் அடிமட்டம் நிலத்தடி நீருக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்கிறது. தம்பி, அந்தக் கிணற்று நீரைத்தான் குழந்தை குடிக்கிறாளா?

செம்புக்கம்பி
எல்லா மண்ணுக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது. களிமண்ணாக இருந்தால் நீர் அவ்வளவு எளிதாக ஊடுருவாது. என் இடத்தில் 15 மீட்டர் இடைவெளி, ஆறு ஆண்டுகளாக ஒரு கோளாறும் இல்லை.

ஈரமண்
உங்கள் கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்தீர்களா? வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம் ஏதோ தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுகிறோம். களிமண் வடிகட்டும் என்பது உண்மைதான். ஆனால் கோடையில் அது வெடிக்கிறதே! அந்த வெடிப்பில் விரல் நுழையும். அடியில் பிளவுபட்ட பாறை இருந்தால் 30 மீட்டரும் போதாது. எங்கள் பழைய கிணறு பாறைக்குள் வெட்டியது. மழைக்கு மறுநாள் அதன் உள்சுவரில் ஒரு கோடாக நீர் கசியும். அந்தக் கோட்டை எட்டிப் பார்த்த பிறகுதான் எங்கள் குழியை மூடினேன்.

வெயில்கணக்கு
இது மின்சாரம் பற்றிய இழை. கிணற்றுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

ஈரமண்
தொடங்க மாட்டேன். கேட்டவர் இந்த இழையைத்தான் படிப்பார். மின்சாரம் ஒரு வாரம் இல்லாவிட்டால் வியர்க்கும், அவ்வளவுதான். கிணறு கெட்டால் குழந்தை படுத்துவிடுவாள்.

அகல்விளக்கு
ஈரமண் அக்கா சொல்வது சரி. குழியே வேண்டாம். தரைக்கு மேலே உலர் கழிப்பறை வையுங்கள். வாளி, ஒவ்வொரு முறையும் இரண்டு கை மரத்தூளோ சருகோ சாம்பலோ. சிறுநீர் தனியாகப் பிரிந்தால் நாற்றமே வராது. நிரம்பியதைக் கிணற்றுக்குத் தாழ்ந்த பக்கத்தில், மழை படாத குவியலாக ஓராண்டுக்கு மேல் மக்கவிட வேண்டும். அதன் பிறகும் மரங்களுக்கு மட்டும் போடுங்கள், காய்கறிப் பாத்திக்கு வேண்டாம்.

மூன்றாம்கொட்டகை
புதுநிலம், இரண்டு செய்திகள் வேண்டும். ஒன்று, பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் வி.எம்.பி., ஐ.எம்.பி. என்று இருக்கும் எண்கள் (பேனல் முழுத் திறனில் உழைக்கும்போது தரும் வோல்ட், ஆம்பியர்). இரண்டு, நாளை நண்பகலில் கண்ட்ரோலர் திரை காட்டும் ஆம்பியர். நீலப் பெட்டியில் அதன் வகை பி.டபிள்யூ.எம். என்று போட்டிருக்கிறதா, எம்.பி.பி.டி. என்றா?

புதுநிலம்
தாளில் 37.6 வோல்ட், 8.78 ஆம்பியர். பெட்டியில் பி.டபிள்யூ.எம். இன்று நண்பகல் திரையில் 13.1 வோல்ட், 8.6 ஆம்பியர். ஆம்பியர் நன்றாகத்தானே வருகிறது?

மூன்றாம்கொட்டகை
கோளாறு அகப்பட்டுவிட்டது. 13.1-ஐ 8.6-ஆல் பெருக்கிப் பாருங்கள், 113 வாட். நீங்கள் வாங்கியது 330 வாட், பேட்டரிக்குப் போவது 113.

பி.டபிள்யூ.எம். பெட்டி ஒரு சுவிட்சு போன்றது. பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துவிடும். சேர்ந்ததும் 37 வோல்ட்டில் உழைக்க வேண்டிய பேனல் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆம்பியர் அதே 8.6-தான், வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீண். 18 வோல்ட்டில் உழைக்கும் சிறிய பேனலுக்கு அந்தப் பெட்டி பொருந்தும், உங்களுடையது போன்ற 72 செல் பேனலுக்குப் பொருந்தாது. எம்.பி.பி.டி. பெட்டி கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். அதே வெயிலில் 18, 19 ஆம்பியர் பார்ப்பீர்கள்.

பேட்டரியிலும் குறை இல்லை, பேனலிலும் குறை இல்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாமல் விற்றிருக்கிறார்கள். 113 வாட் ஐந்து மணி நேரத்துக்கு 565. செலவு அதைப்போல் இரு மடங்கு. முதல் மூன்று நாள் ஓடியது கடையிலிருந்து வந்த சார்ஜில். அது தீரத் தீர, அணையும் நேரம் முன்னால் நகர்ந்தது.

செம்புக்கம்பி அண்ணா, கம்பியில் இப்போது 3 வோல்ட் போல விழுகிறது. பேனலிடம் 20 வோல்ட்டுக்கு மேல் உபரி இருப்பதால் அது பேட்டரியை எட்டவே இல்லை. எம்.பி.பி.டி. வந்த பிறகு அதே இழப்பு ஏழெட்டு சதவீதமாகத் தெரியும். அப்போது தடித்த கம்பி போடலாம்.

செம்புக்கம்பி
ஏற்றுக்கொள்கிறேன். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே உள்ள கம்பியையாவது பார்க்கச் சொல்லுங்கள். அங்கே குட்டையாகவும் தடியாகவும் இருக்க வேண்டும். பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும்.

வெயில்கணக்கு
பேனல் தாளில் உள்ள 330-ஐ வைத்துக் கணக்குப் போட்டேன், பேட்டரிக்குள் நுழைவதை வைத்துப் போட்டிருக்க வேண்டும். மோட்டாரை மறைக்கிறார் என்று சொன்னது தவறு. செலவுப் பக்கத்தைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது: 360 வாட்-மணியை இன்வெர்ட்டர் ஒன்றுமே செய்யாமல் தின்கிறது. இன்வெர்ட்டர் இல்லாமல் பேட்டரியிலேயே நேராக ஓடும் 12 வோல்ட் டி.சி. விசிறி 28 வாட்டில் அதே காற்றைத் தரும். விளக்குகளையும் டி.சி.க்கு மாற்றி, இன்வெர்ட்டரை மடிக்கணினி நேரத்தில் மட்டும் போட்டால், மழைநாளிலும் ஓர் இரவு தாங்கும்.

மூன்றாம்கொட்டகை
ஆம், அதையும் செய்யுங்கள். கண்ட்ரோலர் 30 ஆம்பியர் போதும். பேனல் தாளில் வி.ஓ.சி. (எதோடும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்ட்) 46 போல இருக்கும். பெட்டி அதைவிட நன்றாக அதிகம் தாங்க வேண்டும். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். மாற்றியதும் இரண்டு நாள் செலவை நிறுத்தி, பேட்டரியை 14.4 வோல்ட்டில் பல மணி நேரம் நிற்க விடுங்கள். பிறகு ஹைட்ரோமீட்டரால் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) பேட்டரியின் ஆறு அறைகளையும் அளந்து எண்களை இங்கே எழுதுங்கள். ஓர் அறை மட்டும் தாழ்ந்திருந்தால் பேட்டரி அடிவாங்கியிருக்கிறது.

ஈரமண்
தம்பி, கிணறு எந்த மண்ணில்? குழி மேட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா? அதுவரை குடிக்கிற நீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். விறகு இல்லாத நாளில், தெளிந்த நீரைச் சுத்தமான, ஒளி ஊடுருவும் பெட் (பி.இ.டி.) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி முழுவெயிலில் 6 மணி நேரம் படுக்க வையுங்கள். மேகமாக இருந்தால் இரண்டு நாள். இவை கிருமிக்கு மட்டும்தான். குழியிலிருந்து இறங்கும் நைட்ரேட் கொதித்தாலும் போகாது.

புதுநிலம் (எட்டு நாள் கழித்து)
பெட்டியை மாற்றிவிட்டேன். நண்பகலில் 18.4 ஆம்பியர். நேற்று விடியும்வரை விசிறி ஓடியது, மகள் எழுந்திருக்கவே இல்லை. பேட்டரி இப்போது வெளித்திண்ணையில் இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் இன்னும் வாங்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஈரமண்
மகிழ்ச்சி. குழி என்னவாயிற்று?

ஈரமண் (ஐந்து நாள் கழித்து)
புதுநிலம் தம்பி, மழை வரப்போகிறது. குழியை மூடிவிட்டீர்களா? ஒரே ஒரு வரி எழுதுங்கள்.