சர் ஜான் சோன் வீடு, லண்டன்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் பூங்காவுக்கு வடக்கே வரிசையாக நிற்கும் வீடுகளில் இதுவும் ஒன்று, இப்போது அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. சோன் ஒரு கொத்தனாரின் மகன். இங்கிலாந்து வங்கிக் கட்டடத்துக்குப் பல ஆண்டுகள் கட்டடக்கலைஞராக இருந்தவர். 1792இல் 12ஆம் எண் வீட்டை வாங்கினார், அப்புறம் 13, பிறகு 14 என்று பக்கத்து வீடுகளையும் வளைத்துப்போட்டார்.

நான் அதிக நேரம் நின்றது ஓவிய அறையில். நம் ஊர் படுக்கையறை அளவுதான், ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். காவலர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து அலமாரிக் கதவு மாதிரி திறந்தார். உள்ளே இன்னொரு வரிசைப் படங்கள்! ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் எட்டு ஓவியங்கள்: அப்பன் சேர்த்த சொத்தைச் சூதிலும் குடியிலும் தொலைத்துவிட்டு, பைத்தியக்கார விடுதியில் முடியும் ஒரு மகனின் கதை.

இந்த ஓவியங்களை 1802இல் வாங்கும்போது பின்னால் நடக்கப்போவது சோனுக்குத் தெரிந்திருக்காது. 1815இல் அவருடைய மகன் ஜார்ஜ், அப்பாவின் கட்டடங்களைக் கிழித்துத் தொங்கவிட்டுப் பெயர் போடாமல் பத்திரிகையில் எழுதினார். அடுத்த சில வாரங்களில் தாய் எலைசா இறந்துபோனார். அந்தக் கட்டுரைகள்தான் அவளைக் கொன்றன என்று சோன் நம்பினார். அவற்றைப் படம்போலச் சட்டகத்தில் பொருத்தி 'மரண அடிகள்' என்று எழுதி வீட்டிலேயே மாட்டிவைத்தார். சரியான வீம்புக்காரர். 1833இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே வாங்கி, வீட்டைப் பொதுமக்களுக்கு எழுதிவைத்துவிட்டார். தான் சாகும்போது வீடு எப்படியிருக்கிறதோ, கூடியவரை அப்படியே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். 1837இல் அவர் காலமானார். மகனுக்கு வீடு போய்ச் சேரவில்லை, நமக்குச் சேர்ந்தது.

---

நானும் குடும்பத்தோடு போயிருக்கிறேன். மேலே எழுதியவர் அடித்தளத்தை விட்டுவிட்டாரே! எகிப்து மன்னன் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி அங்கேதான் இருக்கிறது. 1817இல் பெல்சோனி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தது. விலை அதிகம் என்று பிரிட்டிஷ் மியூசியம் கைவிரித்ததும், சோன் 1824இல் 2000 பவுண்டு கொடுத்து வாங்கினார். மறு ஆண்டு மூன்று நாள் மாலை விருந்து வைத்து, ஊர்ப் பெரியமனிதர்களுக்கு விளக்கொளியில் அதைக் காட்டினாராம். கல் மெல்லியது, ஒளி ஊடுருவும். உடம்பெல்லாம் பொடிப்பொடியாகச் சித்திர எழுத்து.

"உள்ளே மம்மி இருக்காப்பா?" என்று என் பையன் கேட்டான். பெல்சோனி பார்த்தபோதே பெட்டி காலிதான். சேத்தியின் உடல் 1881இல் வேறொரு மறைவிடத்தில் கிடைத்தது. இப்போது கெய்ரோவில் இருக்கிறது. அடுத்து கெய்ரோ போகணும் என்கிறான்.