டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோவுக்கு மேல என்ன படிக்கலாம்?

தண்டையார்பேட்டை பொண்ணு:
ப்ளஸ் டூ முடிச்சி 2 வருஷ ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ பண்ணேன், இப்ப பெரம்பூர்ல ஒரு கிளினிக்ல 6 வருஷமா இருக்கேன், காலைல போனா நைட் வரைக்கும் ஸ்கேலிங்தான், அதாவது பல்லுல படிஞ்ச காரை, கறையை எடுத்து சுத்தம் பண்றது. ஹார்பர்ல லோடு ஏத்தறவங்க, காசிமேட்டு அண்ணனுங்கன்னு மாவா (வாயில அடக்கிக்கற புகையிலை-பாக்கு கலவை) கறையோட நிறைய பேர் வருவாங்க, அவங்ககிட்ட பேசிப் பேசி அதை விட வைக்கறதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச வேலை. சம்பளம்தான் நின்ன எடத்துலயே நிக்குது. ஒரு ஏஜென்ட், அமெரிக்கால மாஸ்டர்ஸ் சீட் வாங்கித் தரேன், முடிச்சா அங்கயே ஹைஜீனிஸ்டா சேந்துடலாம்னு 50,000 அட்வான்ஸ் கேக்கறாரு. கட்டலாமா?

ராயபுரம் அக்கா, இப்ப நியூஜெர்சி:
கட்டாதம்மா!! இங்க மாஸ்டர்ஸ் மட்டும் வெச்சிக்கிட்டு பேஷண்ட் வாயில கை வைக்க முடியாது, லைசென்ஸ் வேணும், அதுக்கு இங்க அங்கீகாரம் இருக்கற ஹைஜீன் கோர்ஸ் முடிச்சி நேஷனல் போர்டு எக்ஸாம் பாஸ் பண்ணணும். மாஸ்டர்ஸ்ங்கறது ஏற்கெனவே ஹைஜீனிஸ்டா இருக்கறவங்க டீச்சிங், ரிசர்ச், பப்ளிக் ஹெல்த்னு போறதுக்குப் படிக்கறது, அதுக்கே மொதல்ல பேச்சிலர் டிகிரி கேப்பாங்க. உன்கிட்ட இருக்கறது டிப்ளமோ. அந்த ஆளு இதை உன்கிட்ட சொல்லவே இல்ல பாரு, எனக்கு அதான் ஆத்திரமா வருது.

வியாசர்பாடி பல் டாக்டர்:
அக்கா சொல்றது சரி. மொதல்ல ஒரு டிகிரி முடிங்க சிஸ்டர். உங்களுக்கு மாவாவை விட வைக்கற கவுன்சிலிங் புடிச்சிருக்குன்னா இக்னோல (தொலைதூரக் கல்வி தர்ற இந்திரா காந்தி ஓப்பன் யுனிவர்சிட்டி) பி.எஸ்.டபிள்யூ, அதாவது சோஷியல் வொர்க் டிகிரி இருக்கு, வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம், அப்புறம் அங்கயே எம்.எஸ்.டபிள்யூ. 2007-08ல ஆரம்பிச்ச தேசிய புகையிலை கட்டுப்பாட்டுத் திட்டத்துல மாவட்ட அளவுல கவுன்சிலர், சோஷியல் வொர்க்கர் வேலை எல்லாம் இருக்கு, அங்க வாய்க்குள்ள பாத்துப் பழகின உங்க அனுபவம் பெரிய பலம். மாவா போடறவங்ககிட்ட வாயில இருக்கற வெள்ளைத் திட்டைக் காட்டி "அண்ணே இது கேன்சரா மாறலாம்"னு நீங்க சொல்றப்ப அவங்க நம்புவாங்க, நான் சொன்னாக்கூட பில் போடறதுக்குத்தான் சொல்றேன்னு நினைக்கறாங்க. இன்னொண்ணு, டென்டல் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனை மட்டும் லேப்ஸ் ஆக விட்டுடாதீங்க, 1948 டென்டிஸ்ட்ஸ் ஆக்ட்லயே ஹைஜீனிஸ்ட்டுக்குன்னு தனி ரெஜிஸ்டர் குடுத்திருக்காங்க.

தண்டையார்பேட்டை பொண்ணு:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா, டாக்டர். ஏஜென்ட்டுக்கு வேணாம்னு மெசேஜ் போட்டுட்டேன். பி.எஸ்.டபிள்யூல ஃபீல்டு வொர்க் இருக்குமாமே, எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு, சமாளிக்க முடியுமா?

வியாசர்பாடி பல் டாக்டர்:
ஞாயிறு மட்டும்னா கஷ்டம். வாரத்துல ஒரு அரை நாள் விடச்சொல்லி உங்க டாக்டர்கிட்ட இப்பவே பேசிடுங்க, அட்மிஷன் போட்டப்புறம் கேட்டா சங்கடம்.